அன்னாசியா, பப்பாசியா, கொய்யாவா? யாழ்ப்பாணத்து வீடொன்றின் பழத் தெரிவு

சனிக்கிழமை காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால், பழக்கடைக்கு முன்னால் நான் எப்போதும் சற்று நேரம் நின்று யோசிக்கிறேன். தெற்கிலிருந்து லொறியில் வந்த அன்னாசி ஒரு பக்கம் குவிந்திருக்கும். மறுபக்கம் நம்மூர் வளவுகளிலிருந்து வந்த பப்பாசியும் கொய்யாவும் கூடைகளில் இருக்கும். பழத்துக்கென்று ஒதுக்கும் காசில் எல்லாவற்றையும் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் இந்தத் தெரிவு இன்னும் சற்றுச் சிக்கலானது. அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சலரோகம் இருக்கிறது. பெரியப்பா சிறுநீரக நோய்க்காகக் கிளினிக் போய் வருகிறார். தரம் பத்தில் படிக்கும் மகளுக்குக் குருதிச்சோகை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. "அன்னாசி உடம்புக்கு நல்லது" என்ற ஒரே வாக்கியம் இந்த நால்வருக்கும் ஒரே விதமாகப் பொருந்தாது என்பது எனக்கு நாட்பட விளங்கியது. ஆகவே இந்த மூன்று பழங்களையும் அருகருகே வைத்து, யாருக்கு எது, எப்போது, எந்த வடிவில் என்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விடயம். இந்த மூன்றில் பப்பாசியையும் கொய்யாவையும் நாம் நாட்டுப்பழங்கள் என்றும் அன்னாசியை வெளியிலிருந்து வருவது என்றும் பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களைப் பிறப்பிடமாகக் கொண்டவை. கொலம்பஸின் ஆட்கள் 1493இல் குவாதலூப் தீவில் அன்னாசியைக் கண்டார்கள். பிறகு போர்த்துக்கேயக் கப்பல்கள் அதை நமது கடல்களுக்குக் கொண்டு வந்தன. அன்னாசி, பப்பாசி, கொய்யா என்ற மூன்று பெயர்களும் போர்த்துக்கேய மொழியின் வழியாகத் தமிழுக்கு வந்தவையே. ஒரே கப்பல் வழியால் வந்த மூன்றில் இரண்டு மட்டும் யாழ்ப்பாணத்து வளவுகளில் வேரூன்றியதற்குக் காரணம் மண்.

அன்னாசிக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. நமது கிணற்று நீரும் வன்னீர். இத்தகைய மண்ணில் இரும்பு இருந்தாலும் அது வேர்களுக்கு எட்டாத வடிவில் பிணைந்து கிடக்கும். சந்தையில் வாங்கிய அன்னாசியின் கொண்டையை நான் ஒரு தடவை கிணற்றடியில் நட்டுப் பார்த்தேன். அது பட்டுப்போகவில்லை, ஆனால் புதிதாக வந்த இலைகள் எல்லாம் வெளிறிய மஞ்சளாகவே வந்தன, இரண்டு வருடமாகியும் பூக்கவில்லை. இரண்டு முழம் தள்ளி, யாரும் நடாமல் தானாக முளைத்த பப்பாசி அதற்குள் காய்த்து ஓய்ந்திருந்தது. ஆகவே நமக்குக் கிடைக்கும் அன்னாசி பெரும்பாலும் கம்பஹா, குருநாகல் மாவட்டங்களின் தென்னந்தோட்டங்களில் ஊடுபயிராக விளைந்து, நீண்ட தூரம் பயணம் செய்து வருவது.

இந்தப் பயணம் பழத்தின் தரத்தைப் பாதிக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. பப்பாசியும் வாழையும் மாம்பழமும் முற்றிய காயாகப் பறித்தாலும் பிறகு பழுக்கும். வாழைத்தாருக்குப் புகை போட்டுப் பழுக்க வைப்பது நமக்குப் பழகிய வேலை. அன்னாசி அப்படியல்ல. செடியிலிருந்து வெட்டிய பிறகு சீனியாக மாறுவதற்கு அதனிடம் மாப்பொருள் சேமிப்பு இல்லை. நாட்பட அதன் தோல் மஞ்சளாகலாம், சதை மென்மையாகலாம், ஆனால் இனிப்பு கூடாது. தூரத்துச் சந்தைக்காக முன்கூட்டியே வெட்டப்பட்ட அன்னாசி, நமது வீட்டில் ஒரு கிழமை இருந்தாலும் வெட்டிய நாளின் இனிப்போடுதான் இருக்கும். நமது வளவுப் பப்பாசிக்கு இந்தக் குறை கிடையாது.

இனிச் சத்துக் கணக்கைப் பார்ப்போம். அன்னாசியின் புகழுக்கு முதற் காரணம் விற்றமின் சி. 100 கிராம் அன்னாசிச் சதையில் ஏறக்குறைய 48 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வைத்த அளவு. அப்படியென்றால் ஒரு கோப்பை அன்னாசித் துண்டுகள் அன்றைய தேவையைத் தாராளமாகவே நிறைவேற்றிவிடும், இது சிறப்புத்தான். ஆனால் அதே எடைப் பப்பாசியில் 60 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கொய்யாவில் 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. விற்றமின் சிக்காக மட்டும் அன்னாசி வாங்குபவர், நான்கு மடங்கு அதிகமாகத் தரும் பழத்தை மதிலோரத்தில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறார் என்றே நான் சொல்வேன்.

நார்ப்பொருளிலும் இதே கதைதான். 100 கிராமுக்கு அன்னாசியில் 1.4 கிராம், பப்பாசியில் 1.7 கிராம், கொய்யாவில் 5.4 கிராம். மலச்சிக்கலுக்கு அன்னாசி நல்லது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் அதைவிட நல்லது பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டிய விற்றமின் ஏயைப் பொறுத்தவரை அன்னாசியைப் பேசவே தேவையில்லை; அது பப்பாசிக்கும் மாம்பழத்துக்கும் உரியது, பழத்தின் செம்மஞ்சள் நிறமே அதற்குச் சாட்சி.

அன்னாசி தெளிவாக முந்தி நிற்கும் ஒரு சத்து மங்கனீசு. 100 கிராமில் சுமார் 0.9 மில்லிகிராம் இருக்கிறது, இது வளர்ந்த பெண்ணொருவரின் நாளாந்தத் தேவையில் பாதி. எலும்பின் உருவாக்கத்துக்கும் பல நொதியங்களின் செயற்பாட்டுக்கும் இது அவசியமானது. ஆயினும் சோறும் தவிட்டோடு கூடிய தானியங்களும் பருப்பும் தேநீரும் தினமும் உட்கொள்ளும் நம்மில் மங்கனீசுக் குறைபாடு அரிது. ஆகவே இந்த முதலிடம் உண்மையானதாக இருந்தாலும், காசு கொடுத்து வாங்குவதற்குப் போதுமான காரணமாக எனக்குப் படவில்லை.

அன்னாசியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வந்து சேரும் இடம் புரோமெலெயின். இது புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களின் கூட்டம். வெனிசுவேலா நாட்டு இரசாயனவியலாளர் விசென்ற்றே மார்க்கானோ அன்னாசிச் சாற்றில் இதன் செயலை 1891இல் கண்டறிந்தார். இதன் வேலையை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு ஜெலிப் பக்கற்றைக் கரைத்து, அதற்குள் அப்போதுதான் வெட்டிய அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் எடுத்தபோது, துண்டுகள் மிதக்கும் சிவப்புத் தண்ணீராகவே அது இருந்தது. இன்னொரு பக்கற்றைக் கரைத்து, இம்முறை அன்னாசித் துண்டுகளைச் சிறிது சீனியோடு சில நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்த்தேன்; மத்தியானத்துக்குள் ஜெலி அசைந்தாலும் கலையாமல் உறைந்துவிட்டது. ஜெலியை உறைய வைப்பது ஜெலற்றின் என்னும் புரதம். சமைக்காத அன்னாசியிலுள்ள நொதியம் அந்தப் புரதத்தை அறுத்துவிடுகிறது, கொதித்த அன்னாசியிலோ வெப்பம் அந்த நொதியத்தையே அழித்துவிடுகிறது. ஆட்டிறைச்சி பதமாக அவிய நமது சமையலில் பப்பாசிக்காய்த் துண்டு போடுவதும் இதே காரணத்தால்தான். அங்கே வேலை செய்வது பப்பெயின் என்ற இன்னொரு நொதியம்.

இந்தச் சிறு சம்பவத்திலிருந்தே இரண்டு முடிவுகளுக்கு வரலாம். புரோமெலெயினுக்காக அன்னாசி உண்பதென்றால் அதைச் சமைக்காமல்தான் உண்ண வேண்டும். அன்னாசிக் கறியிலும் ஜாமிலும் ரின்னில் அடைத்த அன்னாசியிலும் அது உயிரோடு இருப்பதில்லை. அடுத்தது, வீக்கம் குறையும், மூட்டுவலி தணியும், சத்திரசிகிச்சைக்குப் பின் காயம் விரைவாக ஆறும் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, செடியின் தண்டிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய புரோமெலெயினைப் பற்றியது. அந்தத் தண்டு நமது தட்டுக்கு வருவதே இல்லை. பழத்திலும் நொதியம் உண்டு, சதையைவிட நடுத்தண்டில் சற்று அதிகமாகவும் உண்டு; ஆனால் நாம் விழுங்கியதில் பெரும்பங்கை இரைப்பையின் அமிலமும் நமது சொந்தச் செமிபாட்டு நொதியங்களும் சிதைத்துவிடும். தீக்காயத்தில் இறந்துபோன திசுவை நீக்குவதற்காக அன்னாசித் தண்டின் நொதியங்களிலிருந்து செய்த நெக்ஸோபிரிட் என்ற மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இலும் ஐக்கிய அமெரிக்கா 2022இலும் அனுமதி அளித்தன. அந்த நொதியத்தின் ஆற்றல் கற்பனையல்ல என்பதற்கு இது போதும். அதற்காக நாலு துண்டு அன்னாசி மூட்டுவலிக்கு மருந்தாகிவிடாது. முழங்கால் நோவுக்குத் தினமும் அன்னாசி வாங்கி உண்ணும் வயதானவர்களைக் காணும்போது, அந்தக் காசுக்கு ஒரு முட்டையோ கொஞ்சம் மீனோ வாங்கியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அன்னாசி அதிகம் உண்டால் நாக்கு எரிவதும் இதனோடு தொடர்புடையது. பழத்தின் அமிலமும், ஊசி வடிவான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளும், புரதத்தை அறுக்கும் நொதியமும் சேர்ந்து வாயின் மென்தோலைச் சீண்டுகின்றன. காய்த்தன்மையுள்ள பழத்தில் இது கூடுதலாக இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்பது நமது வழக்கம். சுவைக்கு அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு தேவையற்ற சுமை. அமிலம் பல்லின் மிளிரியையும் தற்காலிகமாக மென்மையாக்கும் என்பதால், உண்டவுடன் பல் துலக்காமல் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுத்திருப்பது நல்லது.

வடிவத்தைப் பற்றிய தெரிவில் எனக்குத் தயக்கமே இல்லை. வெட்டிய பழம், சாறு, ரின் என்ற மூன்றில் வெட்டிய பழத்துக்கு மற்ற இரண்டும் கிட்டவும் வராது. வடித்த சாற்றில் நார்ப்பொருள் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். சீனி சேர்க்காத அன்னாசிச் சாற்றில்கூட 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 10 கிராம் சீனி இருக்கிறது. பழத்தின் சதைக்குள் இருக்கும் சீனியைப் போலன்றி, சாறாகப் பிழிந்தபின் அதையும் மட்டுப்படுத்த வேண்டிய சீனியின் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. அவ்வகைச் சீனியை நாளாந்தச் சக்தியின் பத்து வீதத்துக்குள்ளும், இயலுமானால் ஐந்து வீதத்துக்குள்ளும் வைத்திருக்கச் சொல்கிறது. ஐந்து வீதம் என்பது பொதுவாக 25 கிராம். வெயிலில் அலைந்து வந்து கடையில் குடிக்கும் ஒரு பெரிய தம்ளர் அன்னாசிச் சாறு அந்த 25 கிராமைத் தனியாகவே தொட்டுவிடும், கடைக்காரர் போடும் மூன்று கரண்டி சீனி அதற்கு மேல். ரின் அன்னாசியில் விற்றமின் சி 10 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பாகில் ஊறியதென்றால் சீனி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இனி வீட்டிலுள்ளவர்களிடம் வருகிறேன். பழங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட ஆளோடு ஒப்பிடும்போதுதான் தெரிவு தெளிவாகிறது.

அம்மாவின் சலரோகத்துக்கு அன்னாசி முழுவதும் தவிர்க்க வேண்டியதல்ல. 100 கிராம் அன்னாசியில் காபோவைதரேற்று 13 கிராம். மாம்பழத்தில் 15 கிராம். வாழைப்பழத்தில் 23 கிராம். ஆனாலும் குருதிச் சீனியை உயர்த்தும் வேகத்தில் அன்னாசி நடுத்தர வகையைச் சேர்ந்தது. அதிகம் பழுக்காத, தோலோடு கடித்து உண்ணும் கொய்யாவோ, தன் நார்ப்பொருளாலேயே அந்த வேகத்தை மட்டுப்படுத்துகிறது. ஆகவே அம்மாவின் அன்றாடப் பழம் கொய்யா. அன்னாசி வெட்டும் நாளில் சிறு கிண்ணத்தில் பாதி அளவு போதும், அதுவும் சோற்றின் மேல் அல்லாமல் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில். நமது வீடுகளில் வயிறு நிறையச் சோறு உண்டபின் தட்டில் பழம் வைத்துக் கொடுப்பதை அன்பென்று நினைக்கிறோம். சலரோகக்காரருக்கு அந்த நேரம் மிகவும் பிழையானது.

மகளுக்கோ அதே நேரம்தான் சரியான நேரம். முருங்கையிலை, முளைக்கீரை, பயறு, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப் போல் உடம்பில் எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சி அதே வேளை உணவோடு வயிற்றில் இருந்தால் அந்த இரும்பு கரைந்த நிலையில் நின்று கூடுதலாக உறிஞ்சப்படும். வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மரக்கறி மட்டுமே சமைக்கும் வீடுகளில் வளரும் பெண்பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமல்ல. மகளின் மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு நாள் அன்னாசித் துண்டுகள், மற்றைய நாட்களில் கொய்யாவோ தேசிக்காய் பிழிந்த சம்பலோ வைக்கிறோம். அதைவிட முக்கியமாக, சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தோம். தேயிலையிலுள்ள தனின்கள் இரும்பைப் பிணைத்துவிடும், ஒரு பக்கம் பழத்தைக் கொடுத்து மறுபக்கம் தேநீரைக் கொடுத்தால் கொடுத்ததில் பயன் குறைந்துவிடும். வைத்தியர் தந்த இரும்பு மாத்திரையை இவை எதற்காகவும் நிறுத்தவில்லை.

அன்னாசி ஐயத்துக்கிடமின்றி வெல்லும் இடம் பெரியப்பாவின் தட்டு. சிறுநீரகம் பழுதடையும்போது பொற்றாசியத்தை வெளியேற்றும் திறன் குறைகிறது. குருதியில் அது மிஞ்சினால் இதயத் துடிப்பே குழம்பலாம். மற்றவர்களுக்குப் பழத்தின் பெருமையாகச் சொல்லப்படும் பொற்றாசியம் இவர்களுக்கு ஆபத்து. 100 கிராமுக்குக் கொய்யாவில் சுமார் 417 மில்லிகிராம், வாழைப்பழத்தில் 358, பப்பாசியில் 182. அன்னாசியில் வெறும் 109. ஒரு தம்ளர் இளநீரில் 600 மில்லிகிராம் அளவில் இருக்கும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறுநீரகத்துக்குக் குளிர்ச்சி என்று நம்பி இளநீரை அதிகம் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. பொற்றாசியத்தைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து, நீர்வேலி வாழைப்பழத்தோடு காலை உணவை முடித்துப் பழகிய பெரியப்பா பழத்தையே மறந்துவிட்டிருந்தார். வைத்தியரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் அன்னாசியைத் தொடங்கினோம். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், நீர் அருந்தும் அளவு மட்டுப்படுத்தப்பட்டவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தங்கையின் விடயத்தில் நாங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. "பிள்ளை, அன்னாசியும் பப்பாசியும் இப்ப வேண்டாம்" என்று அவளுடைய மாமி முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லின் பின்னால் இருப்பது அக்கறை என்பதால் அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் இரண்டு பழங்களையும் ஒரே கட்டில் வைப்பது சரியல்ல. பழுத்த அன்னாசியைச் சாதாரண அளவில் உண்டதால் கரு கலைந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பப்பாசியில் எச்சரிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு: காயிலும் அரைப்பழத்திலும் உள்ள பால் கருப்பையைச் சுருங்கச் செய்வது எலிகளில் செய்த ஆய்வில் காணப்பட்டது. நன்றாகப் பழுத்த பப்பாசியில் அந்த விளைவு காணப்படவில்லை. ஆகவே காயைத் தவிர்ப்பது அறிவு. அன்னாசியில் ஒரு கிண்ணத்துக்கு மேல் போகாமல் இருப்பது நெஞ்செரிவுக்காகவும் சீனிக்காகவும்தான். இவ்வளவும் பேசியபின் தங்கை தன் முடிவைத் தானே எடுத்தாள். அன்னாசியை உண்கிறாள், பப்பாசியைக் குழந்தை பிறந்தபின் பார்ப்போம் என்று மாமிக்காக விட்டுவிட்டாள். அவளுக்குக் கொய்யா கிடைத்துக்கொண்டிருக்கும்வரை இதனால் இழப்பு ஒன்றுமில்லை.

வயிற்றெரிவும் நெஞ்செரிவும் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் அன்னாசி ஒத்துவராது, அவர்களுக்குப் பப்பாசி மேல். இரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு அன்னாசியும் பப்பாசியும் ஒவ்வாமல் போகலாம். வாய் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குருதி உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் புரோமெலெயின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

எங்கள் வீட்டின் ஒழுங்கு இப்போது இவ்வாறு அமைந்திருக்கிறது. கிழமைதோறும் வாங்குவது கொய்யாவும் பப்பாசியும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் பப்பாசியின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். அன்னாசி இரண்டு கிழமைக்கு ஒன்று. தோலின் மஞ்சளை நம்பி அதை வாங்குவதில்லை, நிறத்தை மருந்து தெளித்தும் வரவழைக்கலாம். கையில் தூக்கினால் அதன் அளவை மீறிய பாரம் தெரிய வேண்டும், அடிப்பக்கத்தை மூக்கருகே பிடித்தால் மணம் வர வேண்டும். புளித்த கள்ளைப் போல் மணந்தால் அது தாண்டிப் போய்விட்டது. வாங்கிய அன்றே கண்களைச் சரிவாகச் சீவி, நடுத்தண்டு மென்மையாக இருந்தால் அதையும் சேர்த்து நறுக்கி, முதலில் பெரியப்பாவின் அளவை எடுத்து மூடி வைக்கிறோம். மகளுடையது அவளுடைய சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போகும். அம்மாவின் சிறு கிண்ணம் அடுத்த நாள் காலை பத்து மணி வரை குளிர்சாதனப் பெட்டியில் காத்திருக்கும்.